கவுன்சிலர் லைசென்ஸ்: அமெரிக்காவில் நாம் பார்த்ததும் பட்டதும்

பொருநை (டாலஸ்):

அமெரிக்காவில் கவுன்சிலர், தெரபிஸ்ட், போதை மீட்பு ஆலோசகர் என்று யாரிடமாவது போனவர்களும், இந்தத் தொழிலுக்குள் வர முயல்பவர்களும் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். பல் டாக்டரிடம் போவதற்கு முன்பே நம்மவர்கள் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். ஆனால் மனசு உடைந்து போய் உட்காரும்போது மட்டும், எதிரே இருப்பவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் தொடங்குகிறேன்.

நான் கோவையில் உளவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஹெச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், வந்தவள். நாடு முழுக்கச் செல்லும் கவுன்சிலர் லைசென்ஸ் என்று இங்கே எதுவும் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம், தனி போர்டு. முதலில் சட்டம் கொண்டுவந்தது வர்ஜீனியா, 1976இல். கடைசியாக வந்தது கலிபோர்னியா, 2009இல். பெயரும் ஒன்றுபோல் இல்லை. டெக்சாஸில் எல்பிசி, நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் எல்எம்ஹெச்சி, கலிபோர்னியாவில் எல்பிசிசி. செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

என் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பியபோது பாடங்கள் ஓரளவு பொருந்தின. மேற்பார்வையில் ஆட்களைப் பார்த்த பயிற்சி நேரம்தான் பெரிய குறை. டெக்சாஸ் 60 கிரெடிட் முதுகலைப் படிப்பு கேட்கிறது. எனவே மறுபடியும் கல்லூரிக்குப் போனேன். அப்புறம் என்சிஇ என்ற தேசிய கவுன்சிலர் தேர்வு. 200 கேள்விகள், மதிப்பெண் கணக்கில் சேர்வது 160. அதற்கு மேல் டெக்சாஸ் சட்டத்துக்கென்று தனித் தேர்வு. இவ்வளவும் முடித்தால் கிடைப்பது எல்பிசி அசோசியேட் என்ற தகுதிதான். முழு லைசென்ஸுக்கு ஒரு சூப்பர்வைசரின் கீழ் 3,000 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அதில் பாதி, அதாவது 1,500 மணி நேரம், நேரடியாக ஆட்களோடு இருக்க வேண்டும். எவ்வளவு அவசரப்பட்டாலும் 18 மாதத்துக்குள் முடிக்க விடமாட்டார்கள்.

இப்போது அந்த மணிக்கணக்கில்தான் இருக்கிறேன். ஊரில் படித்ததை எல்லாம் தூக்கி எறிந்த மாதிரி முதலில் மனசு வலித்தது. ஆனால் ஒருநாள் என் எதிரே இருந்தவர் சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அடுத்து என்ன கேட்பது, யாரைக் கூப்பிடுவது, அவரை வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்பதை எல்லாம் பக்கத்து அறையில் இருந்த சூப்பர்வைசரோடு சேர்ந்துதான் முடிவு செய்தேன். அந்த 3,000 மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லி இனி நான் கேட்க மாட்டேன்.

சட்டத் தேர்வில் மாநில எல்லை எவ்வளவு பெரிய விஷயம் என்றும் புரிந்தது. கலிபோர்னியாவில் டாரசாஃப் என்று ஒரு வழக்கு. ஒரு மாணவர் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு யாரும் தகவல் தரவில்லை, கொலை நடந்துவிட்டது. ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றமோ 1999இல் அந்தக் கடமையை ஏற்க மறுத்துவிட்டது. இங்கே போலீசுக்கோ மருத்துவருக்கோ சொல்ல அனுமதி இருக்கிறது. மிரட்டலுக்கு ஆளானவரை எச்சரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே பேச்சு, ஒரே ஆபத்து, ஆனால் சிகிச்சையாளரின் கடமை மாநிலத்தைப் பொறுத்து மாறுகிறது.

மல்லிப்பூ (எடிசன், நியூ ஜெர்சி):

எல்லை என்று சொன்னதும் எங்கள் வீட்டில் நடந்தது நினைவுக்கு வருகிறது பொருநை.

என் மகன் பள்ளியில் படிக்கும்போதே பதற்ற நோய்க்காக ஒரு தெரபிஸ்டிடம் போய்வந்தான். அவனுக்கு அவரிடம் நல்ல ஒட்டுதல். பிறகு பாஸ்டனில் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீடியோவில் தொடரலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். பையன் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து பேசுகிறானோ அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும்; தன்னிடம் நியூ ஜெர்சி லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்றார். வீட்டு முகவரி இங்கேதானே, பணம் கட்டுவதும் நாங்கள்தானே என்று என் கணவர் வாதாடிப் பார்த்தார். கோவிட் காலத்தில் பல மாநிலங்கள் இந்த விதியைத் தளர்த்தி இருந்ததால், எங்கள் உறவினர் பிள்ளைகள் அப்படித்தான் பேசினார்கள். அந்தத் தளர்வுகள் பின்னர் முடிந்துவிட்டன.

அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமானது இல்லை. ஆனால் அவர் எங்களைக் கைவிட்டுவிடவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கோடை விடுமுறையிலேயே மகனிடம் பேசி, கல்லூரியின் கவுன்சிலிங் மையத்துக்குக் கடிதம் எழுதி, அவனுடைய ஒப்புதலோடு குறிப்புகளை அனுப்பிவைத்தார். மகன் விடுமுறைக்கு எடிசன் வந்தால் இவரைப் பார்ப்பான், பாஸ்டனில் இருந்தால் அங்கே உள்ளவரை. பிள்ளைகளை வெளி மாநிலத்துக்கு அனுப்பும் பெற்றோர் கல்லூரி திறப்பதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் நடுவில் பிள்ளை நிலைகுலைந்து நிற்கும்போது புது ஆளைத் தேடுவது கொடுமை.

பொருநை (டாலஸ்):

மல்லிப்பூ அக்கா, இதற்கு ஒரு வழி மெல்லத் திறக்கிறது. சைக்காலஜிஸ்டுகளுக்கு சைபேக்ட் என்ற மாநிலங்களுக்கு இடையேயான ஒப்பந்தம் 2020இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு மாநிலத்தின் சைக்காலஜிஸ்ட், உரிய அனுமதியோடு மற்றொன்றில் இருப்பவரை வீடியோவில் பார்க்கலாம். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை. கவுன்சிலர்களுக்கான ஒப்பந்தத்திலும் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன. எம்எஃப்டி என்கிற திருமண-குடும்ப சிகிச்சையாளர், சோஷியல் வொர்க்கர் எல்லாம் இந்த இரண்டிலும் வரமாட்டார்கள். அதனால் உங்கள் தெரபிஸ்டின் லைசென்ஸ் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும்.

வன்னியான் (ஸ்டாக்டன், கலிபோர்னியா):

லொறி ஓடுகிற ஆட்களுக்கு இது வேறு கதை. மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மச்சான் இருபது வருசமாக லொறி ஓடுகிறவர். முதுகு வலிக்கு என்று கடையில் வாங்கிய, கஞ்சாச் செடி வகையில் இருந்து எடுக்கிற சிபிடி எண்ணெய் பாவித்தார். போத்தலில் போதை இல்லை என்றுதான் எழுதியிருந்தது. திடீர்ச் சோதனையில் கஞ்சா பொசிட்டிவ் என்று வந்துவிட்டது. கலிபோர்னியாவில் கஞ்சாவே சட்டப்படி வாங்கலாம், ஆனால் லொறி ஓட்டுநருக்கு மத்திய போக்குவரத்துத் துறையின் விதிதான். சிபிடி எடுத்தேன் என்ற விளக்கத்தை அவர்கள் ஏற்பதில்லை. 2020 ஜனவரியில் இருந்து இந்தப் பதிவெல்லாம் கிளியரிங்ஹவுஸ் என்ற மத்திய தரவுத்தளத்தில் ஏறுகிறது. ஒரு கொம்பனியில் இருந்து மற்றக் கொம்பனிக்கு மாறினாலும் கூடவே வரும்.

திரும்ப ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்றால் 'சாப்' என்று சொல்கிற போதைப்பொருள் நிபுணரிடம் போக வேண்டும். மச்சானின் மனைவி அவரை ஒரு கவுன்சிலரிடம் கூட்டிக்கொண்டு போனா. அந்தக் கவுன்சிலர் நல்ல மனுசி, லைசென்ஸ் உள்ளவர்தான். அவர் முதல் நிமிடத்திலேயே சொல்லிப்போட்டார், "நான் உங்களோடு கதைக்கலாம், ஆனால் சாப் வேலை செய்ய எனக்குத் தகுதி இல்லை" என்று. வேறு யாராவது என்றால் காசை வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் எழுதித் தந்திருப்பார்கள். அந்தக் கடிதத்தால் ஒரு பலனும் இருந்திராது. அந்த மனுசியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பிறகு சரியான சாப் ஒருவரைப் பிடித்தோம். கிளியரிங்ஹவுஸில் பதிந்தவரா என்று பார்த்து, மச்சான் அதிலேயே அவரைத் தெரிவு செய்ய வேண்டும். முதல் மதிப்பீடு, அவர் சொன்ன வகுப்புகள், பிறகு இரண்டாவது மதிப்பீடு, அதன் பின் வேலைக்குத் திரும்பும் சோதனை. அந்தச் சோதனைக்கு ஆள் முன்னால் நின்று பார்க்க, சிறுநீர் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போன பிறகும் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 சோதனை. சாப் நினைத்தால் 60 மாதம் வரைக்கும் நீட்டலாம். அவருடைய தீர்மானம் பிடிக்கவில்லை என்று இன்னொரு சாப்பிடம் போக விதியில் இடமில்லை. வெட்கக்கேடு என்று மச்சான் அழுதவர். ஆனால் அந்த சாப் ஒரு நாளும் அவரைக் குற்றவாளி மாதிரி நடத்தவில்லை. இப்ப வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பொருநை (டாலஸ்):

வன்னியான் அண்ணா சொன்ன கவுன்சிலர் செய்தது மிகச் சரி. சாப் ஆகக்கூடியவர்கள் யார் யார் என்று மத்திய விதியிலேயே பட்டியல் இருக்கிறது: லைசென்ஸ் உள்ள மருத்துவர், சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், திருமண-குடும்ப சிகிச்சையாளர், வேலையிட உதவித் திட்டத்தில் லைசென்ஸோ சான்றோ பெற்றவர், குறிப்பிட்ட அமைப்புகளின் சான்று பெற்ற போதை ஆலோசகர். எங்களைப் போன்ற கவுன்சிலர் லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தால் பட்டியலில் வரமாட்டோம். இதெல்லாம் இருந்தாலும் சாப் பயிற்சியும் தேர்வும் தனியாக முடிக்க வேண்டும். 2023இலிருந்து மதிப்பீட்டை வீடியோவிலும் செய்யலாம், ஆனால் அதற்கும் சாப்பின் லைசென்ஸ் எல்லை உண்டு.

கரிசல் (குயீன்ஸ், நியூயார்க்):

என் அண்ணன் குடியிலிருந்து மீண்டவர். அவர் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் சிகிச்சைக்குச் சேர்ந்த சமயம் இரண்டு நாளாக எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. எந்த கிளினிக் என்று ஊகித்து அண்ணி போன் செய்தார். வரவேற்பில் இருந்த பெண், "அப்படி ஒருவர் இங்கே இருக்கிறார் என்றோ இல்லை என்றோ நான் சொல்ல முடியாது" என்றார். அண்ணி அழுதார், கெஞ்சினார், கடைசியில் திட்டவும் செய்தார். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. அதே பதிலைத்தான் திரும்பச் சொன்னார். நானும் போன் செய்து பார்த்தேன், எனக்கும் அதே பதில்.

போதை சிகிச்சைப் பதிவுகளுக்கென்றே தனியாக ஒரு மத்திய விதி உண்டு. 42 சிஎஃப்ஆர் பகுதி 2 என்பார்கள். மற்ற மருத்துவப் பதிவுகளுக்கு இருப்பதைவிடக் கடுமையானது. ஒருவர் அங்கே சேர்ந்திருக்கிறார் என்பதே ரகசியம். மனைவிக்கும் சொல்ல முடியாது, முதலாளிக்கும் சொல்ல முடியாது, அவர் எழுத்தில் ஒப்புதல் தராத வரைக்கும். மறுநாள் அண்ணனே ஒப்புதல் கொடுத்து அண்ணியை அழைத்தார். பின்னாளில் அவர் சொன்னது: "வெளியே தெரிந்துவிடும் என்று பயந்திருந்தால் நான் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன்." அண்ணனுக்கு அப்போது வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

அவருடைய ஆலோசகர் ஒரு கேசாக். நியூயார்க்கில் போதை ஆலோசகருக்கான சான்று அது. ஓயாசிஸ் என்று சொல்லும் மாநில அலுவலகம் தருகிறது. 350 மணி நேரப் படிப்பும், அதற்கு மேல் பல ஆயிரம் மணி நேர வேலை அனுபவமும் கேட்கிறார்கள். அந்த மனிதரே ஒருகாலத்தில் குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். பட்டப்படிப்பு இல்லாதவர்தானே என்று எங்கள் வீட்டில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அண்ணன் முதன்முதலில் மனம் திறந்தது அவரிடம்தான்.

பொருநை (டாலஸ்):

படித்ததும் கண் கலங்கிவிட்டது கரிசல். அண்ணனுக்கு என் வணக்கம். டெக்சாஸில் இதற்கு இணையானது எல்சிடிசி. 270 மணி நேர வகுப்பு, 300 மணி நேரக் களப்பயிற்சி, 4,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை. சில பட்டப்படிப்புகளுக்குச் சலுகை உண்டு.

செம்மண் (சான் ஹோசே):

எல்லாரும் லைசென்ஸ் இருந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

என் தோழியும் அவள் கணவரும் நம் வட்டாரத்தில் பிரபலமான ஒரு உறவு ஆலோசகரிடம் போனார்கள். தமிழில் பேசுவார், நம் குடும்பச் சிக்கல் புரியும் என்பதுதான் காரணம். தோழி தனியாகச் சொன்ன ஒரு விஷயம் சில வாரத்தில் மாமியார் காதுக்குப் போய்விட்டது. புகார் கொடுக்கலாம் என்று கலிபோர்னியா நுகர்வோர் துறையின் லைசென்ஸ் தேடல் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டுப் பார்த்தோம். எந்தப் பதிவும் இல்லை. விளம்பரத்தைத் திரும்பப் படித்தால் 'கோச்' என்றுதான் இருந்தது. கோச்சுக்கு லைசென்ஸ் கிடையாது, பறிக்க எதுவும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் சிகிச்சை செய்தார் என்று போர்டுக்கு எழுதலாம்தான், எழுதினோம். ரகசியம் வெளியே போனது போனதுதான்.

விவாகரத்து வழக்கு வரை போனபோது அவளுடைய வக்கீல் இன்னொன்றும் சொன்னார். லைசென்ஸ் உள்ள சிகிச்சையாளரிடம் பேசியதை நீதிமன்றத்தில் சொல்லும்படி கட்டாயப்படுத்துவது எளிதில்லை. மத்திய நீதிமன்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1996இல் உறுதி செய்திருக்கிறது, மாநிலங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. கோச்சிடம் பேசியதற்கு அந்தக் கவசம் இல்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அவள் அங்கே வாயே திறந்திருக்க மாட்டாள்.

தமிழில் பேச ஆள் வேண்டும் என்ற தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆங்கிலத்தில் அழ வராது. இப்போது அவள் போவது தமிழ் தெரிந்த ஒரு எம்எஃப்டியிடம். தேட நாளானது, ஆனால் இருக்கிறார்கள்.

மல்லிப்பூ (எடிசன், நியூ ஜெர்சி):

சென்னையில் இருக்கும் கவுன்சிலரிடம் வீடியோவில் பேசுகிறவர்களும் இங்கே நிறைய. அது எப்படி?

பொருநை (டாலஸ்):

அதே விதிதான் அக்கா. நீங்கள் நியூ ஜெர்சியில் உட்கார்ந்து பேசினால், நியூ ஜெர்சி போர்டின் பார்வையில் சிகிச்சை நடப்பது அங்கேதான். அவர் சென்னையில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் உங்கள் மாநில போர்டால் அவரைக் கேள்வி கேட்க முடியாது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்களுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டு. கவுன்சிலர்களைப் பொறுத்தவரை, 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில்தான் இடம் கிடைத்தது. அதனால் யாரிடம் பேசினாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை அவசர நேரம். நள்ளிரவில் நீங்கள் உடைந்துபோனால் சென்னையில் இருப்பவரால் உங்கள் ஊர் உதவிக்குழுவை அனுப்ப முடியாது. மனநல நெருக்கடியில் இங்கே கூப்பிட வேண்டிய உதவி எண் 988; அதை எல்லாரும் போனில் பதிந்து வையுங்கள்.

செம்மண் (சான் ஹோசே):

ஹெச்4இல் இருந்து இந்தப் படிப்பு படிக்கும் பெண்களுக்கு ஒரு தகவல். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்று விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். வரி கட்டுவதற்காகத் தரும் ஐடிஐஎன் எண்ணையும் கலிபோர்னியா போர்டுகள் ஏற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மல்லிப்பூ (எடிசன், நியூ ஜெர்சி):

கடைசியாக ஒன்று. பொருநை மாதிரி அசோசியேட்டாக இருப்பவரிடம் போகலாமா? என் தங்கை ஆஸ்டினில் இருக்கிறாள், அவளுக்காகக் கேட்கிறேன்.

பொருநை (டாலஸ்):

தாராளமாகப் போகலாம். எங்கள் பின்னால் ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். டெக்சாஸில் அசோசியேட் தன் விளம்பரத்தில் சூப்பர்வைசர் பெயரையும் போட்டாக வேண்டும். தங்கை மாநிலத்தின் லைசென்ஸ் தேடல் பக்கத்தில் இரண்டு பேரையும் பார்க்கட்டும். காசு கிடையாது. போர்டு நடவடிக்கை எடுத்திருந்தால் அதுவும் அங்கே தெரியும். கட்டணம் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சில இன்ஷூரன்ஸ் திட்டங்கள் அசோசியேட்டுக்குப் பணம் தருவதில்லை. அதை மட்டும் முதல் சந்திப்புக்கு முன்பே போனில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.