கிராப் ஆப்பிளும் கெலாடியும்: இரண்டையும் ஒரே வாசலில் வைத்துப் பார்த்த அனுபவம்

லயத்துவீட்டு அக்கா:

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒரு நர்சரியில் கிராப் ஆப்பிள் கன்று வாங்கினேன், 120 வெள்ளி (ரிங்கிட்). தொட்டியோடு இடுப்பு உயரம், கிளை முழுக்க வெளிர் ரோஸ் பூ, நடுவில் கோலிக்குண்டு அளவில் இரண்டு மூன்று காய். "இங்கே நல்லா வரும்" என்றுதான் விற்றவர் சொன்னார். இரண்டு வாரத்தில் பூ உதிர்ந்தது, அது எந்தப் பூவுக்கும் உள்ளதுதான். ஆனால் 14 மாதமாக ஒரு மொட்டுகூட வரவில்லை. கிளை நுனியில் நாலைந்து இலை தள்ளும், ஓரம் கருகும், விழும், மறுபடி நாலைந்து தள்ளும். ஆட்டுப் புழுக்கை போட்டேன், காலை வெயில் மட்டும் படுகிற பக்கம் நகர்த்தினேன், மண்ணையே மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை.

அதற்கு நாலடி தள்ளி லோங்காங் (வாய்க்கால்) ஓரத்தில், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மா ஊன்றிய கெலாடி, அதாவது சேப்பங்கிழங்குச் செடி, என் தோள் உயரத்துக்கு நிற்கிறது.

பிறகு தேடிப் படித்ததில்தான் விஷயம் புரிந்தது. கிராப் ஆப்பிள், கடையில் வாங்குகிற ஆப்பிளுக்குப் பங்காளி. பழம் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் கிராப் ஆப்பிள் என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். குளிர்நாட்டு மரம், இலை கொட்டியதும் மொட்டெல்லாம் தூங்கிவிடும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம், சில வகைக்கு ஆயிரம் மணி நேரம்வரை, குளிர் பட்டால்தான் அந்தத் தூக்கம் கலையும். நமக்கு விடிகாலையிலேயே 23 டிகிரி. கேமரன் மலையில்கூட ராத்திரி 15-ஐ ஒட்டித்தான் இறங்குகிறது. நான் எவ்வளவு எரு போட்டு என்ன, அது கேட்டது எருவே இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இத வச்சா கொழம்பு ஆவுது, அத வச்சா என்னா ஆவுது?" என்று கேட்டார். எனக்கு உடனே பழைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகள், ஞாபகம் வந்துவிட்டது. பொதுக் குழாயிலிருந்து தண்ணீர் ஓடிவரும் வழியில்தான் எல்லா வீட்டுக் கெலாடியும் இருக்கும். மழை மாதங்களில் காலையில் பால்மரம் (ரப்பர் மரம்) நனைந்துவிட்டால் பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. எங்கள் சம்பளத்தைக் குறைத்த அதே மழைதான் கெலாடியைத் தளதளவென்று வளர்த்தது. அந்த மாதங்களில் ஒரு நாள் கிழங்கு, ஒரு நாள் தண்டு, ஒரு நாள் இலை என்று அம்மா மாற்றி மாற்றிச் சமைப்பார். தண்டை உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வார், மேல்தோலை நாராக இழுத்து எடுத்துவிட்டு விரல் நீளத்துக்கு நறுக்கிப் புளித்தண்ணீரில் போடுவார், அப்புறம் நெத்திலி கருவாடு சேர்த்துக் குழம்பு. புளியும் கொதியும் சரியாகச் சேராவிட்டால் நாக்கு காறும். செடிக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருப்பதுதான் அந்தக் காறலுக்குக் காரணமாம். அம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது, மருந்து மட்டும் தெரியும்.

உங்களில் யாராவது கிராப் ஆப்பிளை நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

ஈப்போ ரோட்டுத் தம்பி:

அக்கா, நான் இங்கிலாந்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். குடியிருந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கிராப் ஆப்பிள் மரம் இருந்தது. குளிர்காலம் முழுக்க மொட்டைக் கம்பாக நிற்கும், பட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் இலையே தெரியாத அளவுக்குப் பூ. அந்தக் கொல்லை கொஞ்சம் சரிவு, மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அந்த மரத்துக்கு அதுவும் முக்கியம், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். உங்கள் லோங்காங் ஓரம் கெலாடிக்குச் சொர்க்கம், அதற்கு ஆகாது.

பழத்தைப் பச்சையாகக் கடித்தேன், புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து வாயை இழுத்துவிட்டது. வீட்டுக்காரப் பாட்டி ஜெல்லி செய்வார். பழத்தைத் தோலோடு விதையோடு நாலாக வெட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றிக் குழைய வேகவைத்து, துணியில் மூட்டை கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவார். பிழியக் கூடாது, பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். காலையில் சட்டியில் சொட்டியிருக்கும் சாற்றில் சர்க்கரை போட்டுக் காய்ச்சினால், சூடு ஆறியதும் தானாக உறைந்து சிவப்புக் கண்ணாடிபோல் இருக்கும். அந்தப் பழத்தில் உறையவைக்கும் பெக்டின் அதிகம், அகர் அகர் மாதிரி வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். ஆப்பிள் தோட்டக்காரர்களும் வரிசைக்கு நடுவே இதை நடுகிறார்கள். ஆப்பிள் காய்க்க வேறு வகை மரத்தின் மகரந்தம் வேண்டும், இது நிறையப் பூத்து அதைக் கொடுக்கும்.

யோசித்துப் பாருங்கள், இரண்டையும் அடுப்பில் ஏற்றாமல் வாயில் வைக்க முடியாது.

இன்னொன்று. ஜாவாவில் மாலாங் பக்கம் பத்து என்ற மலையூரில் ஆப்பிள் விளைகிறது. அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள், மரம் தூங்கப் போகாமல் அடுத்த பூவுக்குத் தயாராகிவிடுகிறது. ஆனால் அது உயரமான இடம், அந்த வகைகளும் வேறு. உங்கள் தொட்டிச் செடிக்கு உறுதி சொல்ல மாட்டேன்.

ஆற்றோரத் தோட்டக்காரர்:

தங்கச்சி, நான் கெலாடி போட்டு விற்கிறவன். தண்ணீர் பிடிக்கும் என்பதற்காகக் குட்டையில் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தேங்கிச் சூடானால் கிழங்கு அழுகும். மேட்டு நிலத்திலும் வரும், ஈரம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரிய கிழங்குக்கு எட்டு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். எங்கள் கிழங்கு சீனர் கடைக்குப் போனால் வளையமாகப் பொரிகிறது, மலாய்க்காரர் வீட்டில் புபூர் சாசா என்ற தேங்காய்ப்பால் இனிப்புக் கஞ்சியில் விழுகிறது, நம் வீட்டில் வறுவல்.

எனக்குப் பயம் இலைக்கருகல்தான். இலையில் பழுப்பாக வட்டம் விழுந்து ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் துளி கோர்க்கும், மழை நாளில் ஒரே வாரத்தில் பாத்தி முழுக்கப் பரவும். சமோவாவில் 1993-ல் இந்த நோய்தான் அந்த மக்களின் முக்கிய உணவையே சாய்த்துவிட்டது. பார்த்த உடனே இலையை வெட்டி அப்புறப்படுத்துங்கள், பாத்தியில் போடாதீர்கள்.

லோங்காங் ஓரத்தில் தானாக முளைத்ததை மட்டும் தெரியாமல் சமைக்காதீர்கள். பீரா என்று கெலாடி மாதிரியே ஒரு செடி இருக்கிறது, வாயும் தொண்டையும் வீங்கிவிடும். நம் கெலாடியில் தண்டு இலையின் ஓரத்தில் சேராது, அடிப்பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்திருக்கும், இலை தொங்கும். வளர்ந்த பீராவின் இலை வானம் பார்த்து நிற்கும், பிளவு தண்டுவரை வந்துவிடும். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

லயத்துவீட்டு அக்கா:

நன்றி அண்ணே, இப்போதுதான் போய் இலையைப் புரட்டிப் பார்த்தேன், தண்டு உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. ராத்திரி மழைத் தண்ணீர் இலை நடுவில் உருண்டையாக நின்றது, தொட்டதும் ஒரு சொட்டு ஒட்டாமல் ஓடிவிட்டது. சொன்னதைக் கேட்காத பிள்ளையைப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) "பகாய் மென்சுரா ஆயிர் கெ டாவுன் கெலாடி" என்பார், கெலாடி இலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி என்று. அந்த வார்த்தையைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

தம்பி, இலையை ஒரு தடவை உருவிப் பார்க்கிறேன், அதுவும் ஆகாவிட்டால் மலைமேல் இருக்கும் என் நாத்தனாரிடம் தொட்டியைக் கொடுத்துவிடுவேன். அம்மாவின் கெலாடியைச் சுற்றிப் பதினொரு பக்கக்கன்று வந்திருக்கிறது. வேண்டுபவர்கள் ஞாயிறு காலையில் வாளியோடு வாருங்கள், எப்படி ஊன்றுவது என்று அம்மாவே காட்டுவார்.