புதுப்பிப்பு: எல்எல்.பி. முடித்ததும் சிவில் நீதிபதித் தேர்வு எழுத முடியுமா?

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பின் கடைசி இன்டர்ன்ஷிப்பை எங்கே செய்வது, முடித்ததும் சிவில் நீதிபதித் தேர்வு எழுதலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பெரிய கம்பெனி வேண்டாம், விசாரணை நீதிமன்ற வக்கீலிடம் போ" என்ற யோசனைதான் கைகொடுத்தது. பார் கவுன்சில் (வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிப்படி தேவையான 20 வார இன்டர்ன்ஷிப்பில் பாக்கியிருந்த நான்கையும் அங்கே முடித்தேன். முதல் வாரம் முழுக்க வாய்தா தேதி குறித்ததுதான் வேலை. அப்புறம் ஒரு செக் பவுன்ஸ் வழக்குக்கு நோட்டீஸ் எழுதச் சொன்னார். வங்கியிலிருந்து தகவல் வந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும்; பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள். நான் எழுதியதை மூன்று தடவை கிழித்துப் போட்டார். பாடத்தில் இதே தாளில் நல்ல மார்க் வாங்கியவன் நான்!

எதிர்பாராதது தேர்வு விஷயம். 2025 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, சிவில் நீதிபதி ஆக மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம். பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அது கணக்காகும். வக்கீல் தொழிலுக்கான தகுதித் தேர்வான அகில இந்திய பார் தேர்வு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக (சட்ட ஆய்வு உதவியாளராக) இருந்த காலமும் சேரும். ஆகவே பதிவு முடிந்ததும் அதே சீனியரிடம் ஜூனியராகச் சேர்கிறேன்.