காசநோயை அடக்கியது மருந்தா, சாப்பாடா?

கரிசல்காட்டான்:
மருந்து வந்துதான் காசநோய் அடங்கியது என்று எல்லாரும் சொல்கிறோம். தாமஸ் மெக்கியூன் என்ற மருத்துவர் இங்கிலாந்து, வேல்ஸ் இறப்புப் பதிவேடுகளை அலசிப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே சாவு இறங்கிக்கொண்டு வருகிறது. ராபர்ட் கோக் என்ற விஞ்ஞானி காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததே 1882இல், அதற்குப் பலன் தந்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தது 1943இல். அது புழக்கத்துக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் குறைந்தாகிவிட்டது. ஜனங்கள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததுதான் முக்கியக் காரணம் என்றார் அவர். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சுடர்:
அந்த இறக்கத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. அதுவரை இருமிக்கொண்டிருந்தவர் என்ன செய்வார்? 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்க வைத்துப் பார்க்கும் மருத்துவமனையில், நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம்; இன்னொரு பகுதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றுதான், ஐசோனியசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷத்துக்கு. கடைசியில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் நோய் அதிகமாகப் பரவவில்லை. ஊரை விட்டு ஒதுக்கி மாசக்கணக்கில் படுக்க வைக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அது. சாப்பாடுதான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது?

பழைய ஏடு:
நடுவில் ஒன்று. மெக்கியூனையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சைமன் ஸ்ரெட்டர் என்ற வரலாற்றாய்வாளர் 1988இல் அவரை மறுத்து எழுதினார். சாப்பாட்டை விட நகராட்சிகள் போட்ட குடிநீர், சாக்கடை, வீட்டு வசதிச் சட்டங்களுக்குத்தான் பங்கு அதிகம் என்பது அவர் வாதம்.

கரிசல்காட்டான்:
சரி, அதுவும் மருந்து இல்லையே. சுடர், சென்னை ஆய்வு கேட்டது நோய் வந்தவர் குணமாவாரா என்று. நான் கேட்பது, நோய் ஏன் வருகிறது என்று. ஜார்கண்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கும் மாசாமாசம் உணவுப் பை கொடுத்துப் பார்த்தார்கள், 2023இல் முடிவு வந்தது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பருப்பும் அரிசியும் செய்த வேலை அது!

சுடர்:
அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அங்கேயும் எல்லா நோயாளிகளும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? நோய் வராமல் தடுப்பதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வந்துவிட்டவரைப் பிழைக்க வைத்தது மருந்து, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.