புதுப்பிப்பு: உழவு இயந்திரப் பெட்டியில் எரிந்துபோன எல்.ஈ.டி பட்டி விளக்குகள் – தீர்வு கிடைத்தது

ஒட்டுசுட்டானில் காலபோக அறுவடைக்காலத்தில் இரவில் நெல்மூட்டை ஏற்றுவதற்காகப் பெட்டியில் பூட்டிய 5 மீற்றர் விளக்குப்பட்டி மூன்றே வாரத்தில் பாதி அணைந்துபோனதற்குக் காரணம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இயந்திரம் ஓடும்போது பற்றரி முனைகளில் அளந்தேன், 14.4 வோல்ற்று இருந்தது. பட்டியோ 12 வோல்ற்றுக்கானது. அதில் மும்மூன்று எல்.ஈ.டிகள், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு தடையுடன் (resistor) தொடராக உள்ளன. அவை மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 9.5 வோல்ற்றை எடுத்துக்கொள்வதால், 12 வோல்ற்றில் தடைக்கு 2.5 வோல்ற்றே எஞ்சுகிறது, ஆனால் 14.4இல் அது 4.9 ஆகி, மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. பட்டியை எரித்தது இதுதான்.

முதலில் சொல்லப்பட்டபடி 1 ஓம் தடையொன்றைத் தொடராகப் போட்டேன். அது கைவைக்க முடியாதபடி சுட்டதோடு, இயந்திரத்தை நிறுத்தியதும் வெளிச்சம் மிகவும் மங்கியது. பலனளித்தது, வோல்ற்றைக் குறைத்து நிலைப்படுத்தும் 5 அம்பியர் மாற்றியைப் போடச் சொன்னவரின் ஆலோசனைதான். வெளியீட்டை 12 வோல்ற்றில் நிறுத்தி, பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே 3 அம்பியர் பியூசும் பூட்டினேன். வயர் எங்காவது உரசி வெட்டுப்பட்டால் வைக்கோலுக்கு நடுவே தீப்பிடிக்கும் என்பதால், பியூசைத் தயவுசெய்து எவரும் தவிர்க்க வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று: மாற்றி வேலைசெய்யும்போது வானொலியில் இரைச்சல் கேட்டது. மாற்றியை அன்ரெனா வயரிலிருந்து தள்ளிப் பெட்டிக்குக் கீழே பூட்டி, அதன் நேர், எதிர் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டதும் இரைச்சல் நின்றது. அறுவடை முடியும்வரை ஒரு விளக்கும் அணையவில்லை.