புதுப்பிப்பு: க்ரீ அக்காவின் சொந்தங்கள் கிடைத்துவிட்டார்கள்

போன மார்கழியில் கேட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். ரொறன்ரோவில் என்னோடு வேலை செய்யும் அக்கா 1968இல் கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில், க்ரீ என்ற பழங்குடி இனத்துக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையிலேயே ஒரு வெள்ளைக் குடும்பத்துக்குத் தத்துப் போனவர். சொந்தங்களை எங்கே தேடுவது என்று கேட்டேன். மாகாணத்தின் தத்தெடுப்புப் பதிவகத்துக்கு எழுதச் சொன்னவர்களுக்கு நன்றி. 2015 ஜூனிலிருந்து அங்கே பிறப்புப் பதிவுகளைப் பார்க்கலாம்.

பதில் வந்தது. மங்கலான ஒரு நகல்தான். அதில் அம்மாவின் பெயர், ஊர், வயது பத்தொன்பது. பிள்ளைக்கு அம்மா வைத்த பெயரும் இருந்தது. மதியச் சாப்பாட்டு மேசையில் அக்கா அந்தப் பெயரை மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா இப்போது இல்லை. அக்காவுக்குத் தமக்கை ஒருவர் இருக்கிறார். தொலைபேசியில் அவர் முதலில் சொன்னது: "உன்னை நாங்கள் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டு போனார்கள்." அம்மா வேண்டாமென்று விட்டுவிட்டார் என்று சொல்லித்தான் தத்தெடுத்தவர்கள் அக்காவை வளர்த்திருந்தார்கள். 1950களிலிருந்து 80கள் வரை கனடாவின் பழங்குடிக் குடும்பங்களிடமிருந்து அரசின் பிள்ளைகள் நல அதிகாரிகளால் இப்படி எடுக்கப்பட்ட பிள்ளைகள் 20,000க்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 1985இல், மனிற்றோபாவில் இதை விசாரித்த நீதிபதி கிமெல்மன் தன் அறிக்கையில் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதினார். ஈழத்துக்காரியான எனக்கு அந்தச் சொல்லைத் தாண்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பழங்குடியினரைப் பதியும் கனடாவின் 'இந்தியர் சட்ட'ப் பதிவுக்கும் அக்கா விண்ணப்பித்தாயிற்று. ஆவணியில் ஊருக்குப் போகிறார். தமக்கை பானக் ரொட்டி சுட்டு வைப்பாராம். "தான்சி" என்று க்ரீ மொழியில் வணக்கம் சொல்ல மட்டும் அக்கா பழகியிருக்கிறார். ரொறன்ரோவில் மாலை நேர க்ரீ வகுப்பு எங்காவது நடந்தால் சொல்லுங்கள், நானும் கூடப் போவேன்.