முருகை கொத்தா மீனும் உடனுறை மீனும்: ஒரு கலைச்சொல் விவாதம்

மடல் 1: கல்முனையிலிருந்து

குழுமத்தாருக்கு வணக்கம்.

கனடாவில் வசிக்கும் என் அக்காவின் மகன், வீட்டில் 200 லீற்றர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றில் மென்முருகைகள் (மென்மையான உடலுடைய பவள உயிர்கள்) சிலவற்றையும் ஒரு சோடி கோமாளி மீன்களையும் ஒரு துப்புரவு இறாலையும் வளர்த்து வருகிறான். புதிதாக ஒரு மீனைச் சேர்க்க விரும்புகிறவர் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று, தான் ஞாயிறுதோறும் உதவும் தமிழ்ப் பள்ளியின் பிள்ளைகளுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றை எழுதியிருக்கிறான். அதைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்துள்ளது.

இரண்டு சொற்களில் நிற்கிறேன். ஒன்று ‘கொம்பற்றிபிள்’, அதாவது மற்ற உயிர்களுடன் சேர்ந்து வாழக்கூடியது; மற்றையது ‘றீஃப் சேஃப்’, அதாவது முருகைத் தொட்டியில் தீங்கின்றி விடத்தக்கது. முதலாவதற்கு இக்குழுமத்தில் இதுவரை ‘ஒத்தியல்பான’, ‘இசைவான’, ‘பொருத்தமான’ ஆகிய மூன்றும், இரண்டாவதற்குப் ‘பவளப்பாறைப் பாதுகாப்பு மீன்’, ‘முருகை தீண்டா மீன்’ ஆகிய இரண்டும் முன்மொழியப்பட்டுள்ளன. என் மனம் ‘பொருத்தமான மீன்’ என்பதிலும் ‘பவளப்பாறைப் பாதுகாப்பு மீன்’ என்பதிலும் நிற்கிறது. உயிரியல் கற்பித்த ஐயா அவர்கள் தம் கருத்தைத் தெரிவித்தால் இந்த வாரமே கையேட்டை முடித்துவிடுவேன்.

மடல் 2: கல்லடியிலிருந்து

அன்பின் மகளுக்கும் குழுமத்தாருக்கும்,

முதலில் ‘பவளப்பாறைப் பாதுகாப்பு மீன்’ என்பதை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதனை விலக்குவது எளிது. தமிழில் இத்தொடரைப் படிக்கிறவர் பவளப்பாறையைக் காவல்காக்கும் மீன் என்றோ, சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மீன் என்றோதான் விளங்கிக்கொள்வார். நம் நாட்டில் உயிருள்ள முருகையை உடைத்தெடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் இரண்டாவது மயக்கம் வெறும் கற்பனையன்று. அதே ஆங்கிலத் தொடர் வெயிலுக்குப் பூசும் களிம்புப் போத்தல்களிலும் அச்சிடப்படுகிறது. அங்கு அது இரசாயனத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலேயே இப்படித் தளர்ந்துபோன ஒரு விளம்பரச் சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பெயர்ப்பதால் நமக்கு எந்த இலாபமும் இல்லை. அத்துடன், ‘பவளப்பாறை’ தமிழகத்தார்க்கு இயல்பான சொல். நம் பாடநூல்களில் ‘முருகைக்கற்பாறை’ என்றே படித்தோம், பாசிக்குடாவில் கரையொதுங்கும் வெள்ளைத் துண்டைப் பிள்ளைகளும் முருகைக்கல் என்றே சொல்கிறார்கள். ஆகவே முருகையை வைத்துக்கொள்வோம்.

இனி, அச்சொல் உண்மையில் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். மீன் முருகையின் உயிருள்ள தசையைக் கொறிக்குமா, கொறிக்காதா என்பதே கேள்வி. வண்ணாத்திப்பூச்சி மீன்களிற் பல முருகையின் மொட்டுயிரிகளைக் கொத்தித் தின்றே வாழ்பவை. அவற்றுள் சில வேறெதையும் உண்ணாமல் தொட்டியிற் பட்டினி கிடந்து சாகும். கோமாளி மீன் முருகையைத் தின்பதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது: குள்ளத் தேவதை மீன்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருக்கும், அதே இனத்தின் இன்னொன்று வந்த மறுவாரமே மென்முருகையைக் கொறிக்கத் தொடங்கும். செப்புநிறப் பட்டைகளும் நீண்ட மூக்குமுடைய வண்ணாத்திப்பூச்சி மீனை, தொட்டியில் களைபோற் பெருகும் சிறு கடற்சாமந்திகளைத் தின்னட்டும் என்றே பலர் வாங்குகிறார்கள். களையைத் தின்று முடித்தபின் அது எதைத் தேடிப் போகும் என்பதற்கு யாரும் உறுதி கூற முடியாது. ஆங்கிலத்தில் இந்த நடுவகுப்புக்கு ‘எச்சரிக்கையுடன்’ என்று ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள்.

தமிழுக்கு அந்த வால் தேவையில்லை, வினையே வேலையைச் செய்துவிடும். தூண்டிலில் இரையை மீன் தொடும்போது நம்மவர்கள் ‘மீன் கொத்துது’ என்கிறார்கள். அவ்வினையை எடுத்து, ‘முருகை கொத்தா மீன்’, ‘முருகை கொத்தக்கூடிய மீன்’, ‘முருகை கொத்தும் மீன்’ என்று மூன்று வகுப்புகளாக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ‘வாடா மலர்’ என்பதுபோல நாவுக்குப் பழகியதே. ஒரு குறிச்சொல்லை மனப்பாடம் செய்வதற்குப் பதில், கடையில் நிற்கும் பிள்ளை ‘இது கொத்துமா, கொத்தாதா?’ என்று கேட்கக் கற்றுக்கொள்ளும். ‘முருகை தீண்டா’ என்பதை முன்மொழிந்த நண்பரின் இலக்கணமும் இதுவே, ஓசையில் அது இதனைவிட அழகும்கூட. ஆனால் ‘தீண்டாமை’ என்ற சொல் நம் சமூகத்தில் என்ன சுமையைத் தாங்கி வந்தது என்பதை மறந்து அதனை மீன்தொட்டியிற் போட என்னால் இயலவில்லை. பொருளிலும் ஒரு குறை உண்டு: உழுவை இனத்துச் சிறு மீன்கள் சில முருகையின்மேல் வயிற்றை வைத்து இருந்துகொள்ளும், தீண்டும், ஆனாற் கொத்தாது.

‘கொம்பற்றிபிள்’ இதைவிடக் கடினமானது. ‘இசைவான’ என்றால், ‘இசைவாக்கம்’ நம் பாடநூல்களிற் சூழலுக்கேற்ப உயிரினம் மாறியமைவதற்கு ஏற்கெனவே வழங்கிவிட்டது; சாதாரண தரம் படித்த பிள்ளை குழம்பிவிடும். ‘ஒத்தியல்பான’ என்பது கணினிக்குச் சரி, ஆனால் மீன் விடயத்தில் உண்மைக்கு நேர்மாறு. ஒத்த இயல்புடைய மீன்கள்தாம் அதிகம் சண்டையிடுகின்றன. ஒரே நிறம், ஒரே உடலமைப்பு, ஒரே உணவு என்றால், முன்பே இருப்பது புதிதாக வந்ததைத் தன் எல்லைக்குள் புகுந்த எதிரியாகவே காணும். நம் இந்து சமுத்திரத்துக்கே உரிய வெளிர்நீலச் சேர்ஜன்மீன் கோமாளி மீனைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. தன்னைப்போன்ற இன்னொரு சேர்ஜன்மீனைக் கண்டால் வாலடியிலுள்ள முள்ளைக் கத்தியாக்கிவிடும்.

‘பொருத்தம்’ உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தும் மறுக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பொருத்தம் என்றதும் நமக்குச் சாத்திரியார் சாதகங்களைப் பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று ஒருமுறை எண்ணிச் சொல்வதே நினைவுக்கு வருகிறது. மீன்களுக்கிடையே அப்படி ஒருமுறை எண்ணி முடிப்பதற்கில்லை. நீலக் குட்டி டாம்செல் மீனை வெறுந்தொட்டியில் முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டு பின்வரும் எதையும் துரத்தும். அதே மீனைச் சாதுவானவை குடியேறிய பிறகு கடைசியாக விட்டால் ஒரு பொந்தோடு அமைந்துவிட வாய்ப்பு அதிகம். குஞ்சாக இருக்கும்போது ஒன்றாகத் திரிந்த கோமாளி மீன்கள் வளர்ந்தபின் அவற்றுள் வலியது பெண்ணாக மாறிவிடும், அடுத்தது ஆணாக நின்றுவிடும். மூன்றாவது ஒன்று இருந்தால் அதன் பாடு பெரும்பாடு. ஆகவே நமக்கு வேண்டிய சொல் மீனின் பிறவிக்குணத்தைக் குறிக்கக்கூடாது. இந்தத் தொட்டியில், இந்த வரிசையில், இவற்றுடன் இது இருக்குமா என்ற உறவைக் குறிக்க வேண்டும்.

இதற்கு ‘உடனுறை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களில் அம்பாள் பெயரையடுத்து ‘உடனுறை’ என்று அச்சிட்டிருப்பதை எல்லோரும் படித்திருக்கிறோம். அகப்பொருள் இலக்கணத்தில் உடனுறை என்பது உள்ளுறை ஐந்தனுள் ஒன்று என்பதும் தமிழாசிரியர்களுக்கு நினைவிருக்கும். அப்பொருள் இங்கு வந்து இடையூறு செய்யும் என்று நான் கருதவில்லை. ஒரே தொட்டியில் வாழ்பவை ‘உடனுறை மீன்கள்’. ஒன்றையொன்று வருத்தாமல் வாழக்கூடிய நிலை ‘உடனுறை இணக்கம்’. ‘இணங்கு’ என்பது ‘உடன்’ உருபை வேண்டி நிற்கும் வினை. ஆதலால், ‘இந்த மீன் இணக்கமானது’ என்று எழுதியவுடன் வாசகர் ‘எதனுடன்?’ என்று கேட்டே தீர வேண்டும். ‘கொம்பற்றிபிள் மீன்’ என்று பட்டியலிடும் ஆங்கிலக் கடைக்காரர் மறைத்துவிடும் கேள்வி அதுதான்.

ஓர் எச்சரிக்கை. உடனுறை இணக்கத்தை ‘ஒன்றியவாழ்வு’ என்று எழுதிவிடாதீர்கள். பாடநூல்களில் அது இரண்டு உயிர்கள் நெருங்கிப் பிணைந்து வாழ்வதற்கு உரியது. நெடிது தோண்டும் சொடுக்கு இறாலுக்குக் கண்பார்வை குறைவு. அதன் வளையில் குடியிருக்கும் உழுவை வாசலில் காவல் நின்று, ஆபத்து வந்தால் வாலால் அறிவிக்கும். அது ஒன்றியவாழ்வு. கோமாளி மீனும் அந்த உழுவையும் ஒன்றையொன்று கவனியாமல் தத்தம் வேலையைப் பார்ப்பது உடனுறை இணக்கம்.

பிற சொற்களில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. வாங்கிய மீனை 4 முதல் 6 வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்ப்பதற்குத் ‘தனிமைப்படுத்தல்’ என்றே எழுதுங்கள். கொவிட் காலத்தின் பின் அதனை விளக்கத் தேவையில்லை. வெண்புள்ளி நோய்க்கான செப்பு மருந்து இறாலையும் முருகையையும் கொன்றுவிடும் என்பதனாற்றான் அந்தத் தொட்டி தனியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘உப்புநீர்த் தொட்டி’ என்று எங்கும் எழுத வேண்டாம், ‘கடல்நீர்த் தொட்டி’ என்பதே சரி. நம் மட்டக்களப்பு வாவி நீரும் உப்புத்தான். மாரியில் அது நன்னீராகி, முகத்துவாரத்தால் கடல் ஏறும்போது மீண்டும் கரிக்கும், அங்குள்ள மீன்கள் அதற்குப் பழகியவை. முருகை வாழும் நீரோ லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்ற அளவில் ஆண்டு முழுவதும் நிற்க வேண்டியது.

மடல் 3: பொத்துவிலிலிருந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அறுகம்பைப் பக்கம் சுழியோடும் அனுபவத்தில் இருந்து இரண்டு ஆட்சேபங்கள். முதலாவது, எல்லா மீனும் கொத்துவதில்லை. கிளிமீன் அலகாற் கல்லைச் சுரண்டும். நீருக்கடியில் அந்த ஓசை காதுக்கே கேட்கும். கிளாத்தி கடித்து உடைக்கும், இரை தேடும்போது கல்லைப் புரட்டியும் போடும். இவற்றைக் ‘கொத்தும் மீன்’ என்றால் எங்கள் கடலோடிகள் சிரிப்பார்கள்.

இரண்டாவது ஆட்சேபமே பெரிது. சிங்கமீன் முருகையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. உங்கள் கணக்கில் அது முருகை கொத்தா மீன். அப்படி எழுதிய சீட்டை நம்பிக் கனடாவில் உள்ள பிள்ளை அதை வாங்கினால், துப்புரவு இறால் அன்றிரவே போய்விடும். கோமாளி மீனும் அதன் வாய்க்குள் அடங்குமானால் அதுவும் மிஞ்சாது. ‘உடனுறை’ எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் மாற்றுக்கருத்து இல்லை.

மடல் 4: கல்லடியிலிருந்து

அன்பின் தம்பிக்கு,

முதல் ஆட்சேபத்தை அரைவாசி ஏற்கிறேன். கிளிமீனைக் ‘கொத்தும் மீன்’ என்பது கடலறிந்தவர் காதுக்கு ஒவ்வாது. ஆகவே மூன்றாம் வகுப்பை ‘முருகை தின்னும் மீன்’ என்று பொதுவாக்கிவிடலாம். ஆனால் எதிர்மறையில் ‘கொத்தா’ நிற்கட்டும். 200 லீற்றர் தொட்டிக்குக் கிளிமீன் வாங்கப்போகிறவர் யார்?

இரண்டாவதில் நீங்கள் சொல்வதே சரி, நான் தவறவிட்டேன். ‘றீஃப் சேஃப்’ என்ற ஒரே சொல்லுக்குள் முருகையையும் இறாலையும் சேர்த்து மூடிய ஆங்கிலப் பழக்கத்தை விமர்சித்துக்கொண்டே, நானும் முருகையை மட்டும் பார்த்து நின்றுவிட்டேன். ஒரு மீனுக்கு இரண்டு குறிப்புகள் வேண்டும்: ‘முருகை கொத்தா’, ‘இறால் விழுங்கா’. சிங்கமீன் முதலாவதைப் பெறும், இரண்டாவதைப் பெறாது. முருகையின்மேல் அமர்ந்திருந்து சிற்றிறாலைப் பாய்ந்து பிடிக்கும் பருந்துமீனுக்கும் அதே நிலைதான். உடனுறை இணக்கத்தை இவற்றோடு கலக்காமல், எந்தெந்த மீனுடன் என்று தனியே எழுத வேண்டும்.

மகளே, உங்கள் அக்காவின் மகனுடைய கையேட்டில் அவன் ஆசைப்பட்ட நான்கு மீன்களையும் இந்த முறையில் எழுதிப் பார்த்தேன். வெளிர்நீலச் சேர்ஜன்மீன்: முருகை கொத்தா, இறால் விழுங்கா, ஆயினும் 200 லீற்றர் அதற்கு நீந்தப் போதாது, வெண்புள்ளி நோயும் அதனை எளிதிற் பற்றும். நீள்மூக்கு வண்ணாத்திப்பூச்சி மீன்: முருகை கொத்தக்கூடியது. மண்டரின் மீன்: இரண்டு குறிப்பும் உண்டு, தன்னினத்து இன்னோர் ஆணுடன் அன்றி மற்ற மீன்களுடன் பெரும்பாலும் இணங்கும், ஆனால் அது பாறைகளில் ஊரும் நுண்ணிய ஓட்டுடலிகளை நாள் முழுவதும் பொறுக்கித் தின்பது, சிறிய புதுத்தொட்டியில் அவை தீர்ந்தவுடன் அது மெலிந்து சாகும். மஞ்சள் உழுவை (இறாலின் வளைவாசலில் காவல் நிற்கும் வகை): முருகை கொத்தா, இறால் விழுங்கா, கோமாளி மீன்களுடனும் துப்புரவு இறாலுடனும் உடனுறை இணக்கம் உண்டு, தன்னினத்து இன்னோர் உழுவையுடன் சோடியாக அன்றி இல்லை. சேர்ஜன்மீன், மண்டரின் ஆகிய இரண்டுக்கும் குறிப்புகள் சரியாக இருந்தும் தொட்டி ஒவ்வவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதற்கு ஒரு கலைச்சொல் வேண்டாம் என்றே நினைக்கிறேன். ‘இந்தத் தொட்டி போதாது’ என்று நேராக எழுதிவிடுங்கள்.