வீட்டுக் கணினிக்கு 'டோட்டல் செக்யூரிட்டி' வாங்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

மேலூர்க்காரன்:
வணக்கம். வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி. ஐ3, 8 ஜிபி ரேம், போன மாதம்தான் எஸ்எஸ்டி மாற்றினேன், விண்டோஸ் 11. மூன்று பேர் கையில் அது இருக்கிறது. அப்பா பென்ஷன் கணக்கும் மின்கட்டணமும் பார்ப்பார், மனைவி இரண்டு நிறுவனங்களுக்கு டேலியில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறார், மகள் எட்டாம் வகுப்பு, பள்ளி வேலையும் யூடியூபும். முன்பு வாங்கிய ஆன்டிவைரஸ் காலாவதியாகி நாலு மாதம் ஆகிறது, தினமும் வலது மூலையில் 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று சிவப்புப் பெட்டி வருகிறது, அப்பா அதைப் பார்த்துப் பயந்துபோய் கணினியைத் தொடவே தயங்குகிறார். எஸ்எஸ்டி போட்ட கடையில் மூன்று வருட டோட்டல் செக்யூரிட்டி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். வைரஸ் தடுப்பு, ஃபயர்வால் (தேவையற்ற இணைய இணைப்புகளைத் தடுப்பது), விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்புவது), பிள்ளைகள் கட்டுப்பாடு, பேங்கிங் பாதுகாப்பு எல்லாம் ஒரே பெட்டிக்குள் என்கிறார்கள். விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும் என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். பணத்தைவிட, எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதுதான் புரியவில்லை.

வன்தட்டு:
சார், மதுரையில் கணினி சர்வீஸ் பார்க்கிறேன், என்னிடம் வரும் பாதிப் பேருடைய கதை இதுதான். எதையும் வாங்கும் முன் அந்தக் காலாவதியானதை முழுதாக நீக்குங்கள். வேறொரு ஆன்டிவைரஸ் பதிவாகியிருந்தால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பழையது உட்கார்ந்திருக்கும்வரை யார் காவல் என்பதே குழப்பம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து வைரஸ் பகுதிக்குப் போனால் இப்போது எது காவலில் இருக்கிறது என்று பெயரோடு காட்டும். நீக்கும்போது கண்ட்ரோல் பேனலோடு நிறுத்தாதீர்கள், பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் துடைத்தெடுக்கத் தனிக் கருவி வைத்திருக்கின்றன, அதையும் ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் ஒப்பீடு. விளம்பரத்தையும் 'டாப் 10' பட்டியல்களையும் விடுங்கள், அந்தப் பட்டியல்களில் பல, வாங்கும் லிங்க்கில் கமிஷன் வருவதற்காக எழுதப்பட்டவை. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஆன்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்க்கும் இந்த இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளைப் பாருங்கள், இலவசம்தான். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் தலா 6 புள்ளி, மொத்தம் 18 தருகிறது. டிஃபென்டர் பல சுற்றுகளில் 18க்கு 18 வாங்கியிருக்கிறது, அதனால் உங்கள் நண்பர் சொல்வது வெறும் பேச்சு இல்லை. ஆனால் இணையம் இல்லாத நேரத்தில் டிஃபென்டரின் கண்டுபிடிப்பு குறைகிறது என்பதை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஊரில் நெட் அடிக்கடி போகும், பென் டிரைவ் அதிகம் புழங்கும் என்றால் இதை யோசிக்க வேண்டும். நம் சென்னைக்காரர்களின் கே7 ஆன்டிவைரஸ் வேகச் சோதனைகளில் பல முறை நல்ல இடம் பிடித்திருக்கிறது, குறைந்த ரேம் கணினிக்கு அதுவும் ஒரு கணக்கு.

ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஒரு வருடத்துக்கு எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
உங்கள் மனைவி செய்யும் வேலைதான் எனக்கும், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். போன வருடம் ஒரு மாதம் 20ஆம் தேதி மாலை, கடைசி நாள், 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி படிவம்) தாக்கல் செய்ய உட்கார்ந்தேன். பிரைவேட் லிமிடெட் என்பதால் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) கட்டாயம். அந்தக் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் செருகினால் நீல விளக்கு எரிகிறது, கையெழுத்துப் பெட்டி மட்டும் திறக்கவே இல்லை. டிரைவரை மூன்று முறை நீக்கிப் போட்டேன், பிரவுசரை மாற்றினேன், டோக்கன் விற்றவருக்கு போன் மேல் போன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தோன்றியது, பாதுகாப்பு மென்பொருள் சந்தேகப்பட்டு ஒதுக்கிவைக்கும் குவாரன்டைன் பட்டியலைத் திறந்தேன், கையெழுத்துக்கான மென்பொருளின் கோப்பு அங்கே கிடக்கிறது. அன்று காலை அப்டேட்டில் சந்தேகப்பட்டுத் தூக்கியிருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தப்பான சந்தேகம் எல்லா மென்பொருளிலும் வரும். ஆனால் ஏவி-டெஸ்ட்டில் 'பயன்பாடு' என்று இருக்கிறதே, அது இதைத்தான் அளக்கிறது, வாங்குபவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. எதை வாங்குவதானாலும் முதலில் டிரையல் போடுங்கள், அதை மாதத்தின் 10இலிருந்து 20க்குள் வரும்படி போடுங்கள். டேலி திறக்கிறதா, டோக்கன் வேலை செய்கிறதா, தூக்கிய கோப்பைத் திரும்ப எடுப்பது எத்தனை கிளிக், இதெல்லாம் பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.

திண்ணைப்பேச்சு:
எல்லோரும் கணினியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு உங்கள் அப்பாவைப் பற்றித்தான் கவலை. என் பெரியப்பாவுக்கு 71 வயது. 'மின்கட்டணம் செலுத்தவில்லை, இன்று இரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி, அதில் ஒரு எண். அழைத்தார். மறுமுனையில் பேசியவன் தூர இருந்தே கணினியை இயக்கும் ஒரு செயலியை நிறுவச் சொன்னான், நிறுவினார், வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னான், திறந்தார், ஓடிபியையும் வாசித்துக் காட்டினார். 38 ஆயிரம் போனது. அவர் கணினியில் காசு கொடுத்து வாங்கிய முழுத் தொகுப்பு இருந்தது, அன்று முழுக்கப் பச்சை டிக் காட்டியபடி இருந்தது. அந்தச் செயலி வைரஸ் இல்லை, அலுவலகங்களில் அன்றாடம் பயன்படுத்துவது, அதை ஏன் தடுக்கப் போகிறது?

அதனால் இணைய மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இன்னொன்று, ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நாமே ரகசியத்தைக் கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லும்வரை ஆகும் இழப்பு நம்முடையது, சொன்ன பிறகு ஆவது வங்கியுடையது. பெரியப்பா வெட்கப்பட்டு மறுநாள்தான் வாயைத் திறந்தார். வீட்டில் யாரும் திட்ட மாட்டோம், உடனே சொல்லுங்கள் என்று அப்பாவிடம் இன்றே பேசிவிடுங்கள் சார்.

மேலூர்க்காரன்:
மூவருக்கும் நன்றி. பழையதை நீக்கிவிட்டேன். வன்தட்டு அண்ணன் சொன்னபடி பார்த்தபோது நீக்கும்வரை அந்தக் காலாவதியான பெயர்தான் இருந்தது, இப்போது டிஃபென்டர் என்று வருகிறது. விபிஎன், ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது) தடுப்பு, பிள்ளைகள் கட்டுப்பாடு, இவற்றுக்காகவாவது தொகுப்பு தேவையா?

வன்தட்டு:
தொகுப்போடு வரும் விபிஎன்னுக்குப் பல நேரம் அளவு வைத்திருப்பார்கள், பிட்டிஃபென்டர் டோட்டல் செக்யூரிட்டியில் ஒரு நாளைக்கு 200 எம்பி, யூடியூப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். வீட்டு வைஃபையில் வங்கி பார்க்க விபிஎன் அவசியமில்லை. ஃபயர்வால் விண்டோஸிலேயே இருக்கிறது. கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் 'டியூன்அப்' எஸ்எஸ்டி போட்ட கணினிக்குத் தேவையே இல்லை. மகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி இலவசம், நேர அளவு வைக்கலாம், ஆனால் அதன் இணைய வடிகட்டி எட்ஜில்தான் வேலை செய்யும். மகளுக்குத் தனிக் கணக்கு போடுங்கள், அட்மின் உரிமை கொடுக்காதீர்கள். அப்பாவுக்கும் அப்படியே.

ரேன்சம்வேருக்கு விண்டோஸிலேயே, முக்கிய ஃபோல்டர்களை அனுமதியில்லாத மென்பொருள் மாற்றாமல் தடுக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' 2017இலிருந்து இருக்கிறது, தானாக இயங்காது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால் டேலியைத் தடுக்கக்கூடும், அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம் டேலி டேட்டாவின் காப்பு. வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்ட டிஸ்க்கும் சேர்ந்து பூட்டப்பட்டு, அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வானாகிரை என்ற ரேன்சம்வேர் 2017 மே மாதம் உலகையே உலுக்கியது, அதற்கான விண்டோஸ் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்குவதென்றால் ஒரு வருடம் மட்டும் வாங்குங்கள். முதல் வருட விலையும் புதுப்பிக்கும் விலையும் ஒன்றல்ல, 'ஆட்டோ ரினியூ' டிக்கை அன்றே எடுத்துவிடுங்கள்.

மேலூர்க்காரன்:
பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். ஒரு தொகுப்பின் 30 நாள் டிரையலைப் போட்டுப் பார்த்தேன். போன் ஸ்டாப்வாட்சை வைத்து மூன்று காலை அளந்தேன். டிஃபென்டரோடு கணினி திறந்து டேலி வர 41, 39, 42 நொடி, டிரையலோடு 58, 55, 61. டோக்கன் இரண்டிலும் வேலை செய்தது. மனைவி நேற்று மாலை 'அதை எடுத்துவிடுங்கள், அந்தக் காசுக்கு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள்' என்றார். 1 டிபி வாங்கியாயிற்று, சனிக்கிழமை தோறும் காப்பு எடுப்பது மகள் பொறுப்பு. அப்பாவின் நெட்பேங்கிங்கில் ஒரு நாளைக்கு 5 ஆயிரத்துக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்தோம். 1930ஐ அவரே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறார். சிவப்புப் பெட்டி போனதிலிருந்து காலையில் காபியோடு அவர்தான் முதலில் கணினியைத் திறக்கிறார்.